தறிகள் நின்ற பகலில் கேட்டது

சென்ற மாதம், நான் வேலை பார்த்த கம்பெனி தன் கொண்டப்பநாயக்கன்பட்டி கிடங்கைக் காலி செய்தது. கம்பெனியில் இப்போது வேலை செய்யும் கீர்த்தனா என்ற பெண் எனக்கு வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். மூடி கழற்றிய சாம்பல் நிறப் பெட்டி. உள்ளே பச்சைப் பலகை. அதன் ஓரத்தில் இரண்டு டிரான்சிஸ்டர்களின் முதுகில் பசையால் ஒட்டியபடி இரண்டு டயோடுகள். "சார், கம்பெனி வரைபடத்துல இந்த ரெண்டும் இல்லீங்களே. யாரு வெச்சது, எதுக்கு வெச்சது?" என்று கேட்டிருந்தாள்.

நான்தான் வைத்தேன் என்று பதில் அனுப்பினேன். எதற்கு என்பதைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தால் முடியவில்லை. கைபேசியைக் கீழே வைத்துவிட்டுத் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் கம்பெனியின் வேலை ஒன்றே ஒன்றுதான். பூமிக்கடியில் போகும் குடிநீர்க் குழாயில் எங்கே கசிகிறது என்று தோண்டாமல் கண்டுபிடித்துச் சொல்வது. அதற்கு முன்னால் நான் சேலத்தில் ரேடியோ, டேப் ரெக்கார்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். டேப் ரெக்கார்டர் போன பிறகு நாற்பது வயதுக்கு மேல் இந்த வேலைக்கு வந்தேன். பயிற்சி என்று தனியாக ஒன்றும் கிடையாது. மூன்று மாதம் பிறர் பின்னால் பெட்டி தூக்கிக்கொண்டு நடந்தேன். நான்காவது மாதம் பெட்டியை என் தோளில் மாட்டி, ஹெட்ஃபோனை என் தலையில் வைத்து, "கேளுங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

கேட்பதுதான் வேலை. யானைக்கால் போல அடி தட்டையான ஒரு மைக்கைத் தரையில் வைக்க வேண்டும். அது பிடிக்கும் அதிர்வைத் தோளில் தொங்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி பெருக்கி ஹெட்ஃபோனுக்கு அனுப்பும். கசிவு இருந்தால் 'ஸ்ஸ்' என்று சன்னமாக ஒரு சத்தம் வரும். ஓரடி தள்ளி வைத்துக் கேட்க வேண்டும். இன்னும் ஓரடி. சத்தம் எங்கே மிகத் தெளிவாக இருக்கிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம். பிறகு கடப்பாரையை இறக்கிப் பார்ப்போம். நுனி ஈரமாக வந்தால் நாங்கள் சொன்னது சரி.

தொடர்ந்து இரண்டு மணி நேரம் கேட்டால் மனிதன் வேறொருவனாகிவிடுவான். கண்ணெதிரே பஸ் போகும், ஆட்கள் போவார்கள், அவர்களெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோலத் தெரிவார்கள். காலுக்குக் கீழே இருப்பதுதான் உண்மையான ஊர் என்று தோன்றும். மேட்டூரிலிருந்து புறப்பட்ட தண்ணீர் இருட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் நடந்து வந்து, என் பாதத்துக்கு நான்கடி கீழே என்னைக் கடந்து போகும். வீட்டுக்கு வந்து படுத்தாலும் காது தரையிலேயே கிடக்கும்.

என் மேலதிகாரி செல்வராணி மேடம். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். மேட்டூர்க்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. களத்துக்கு வந்ததும் முதலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார். செருப்பு அடிப்பாகம் தார் ரோட்டில் உரசினால் அதுவும் மைக்கில் வரும் என்பது காரணம். கோடையில் தார் கொதிக்கும்போதும் அப்படித்தான். ஒரே இடத்தை மூன்று தடவை கேட்கச் சொல்வார். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் ஐம்பது அடி நடந்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். மூன்றும் முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"கேட்டீங்களா, நெனச்சீங்களாண்ணா?"

கேட்டேன் என்றால் பென்சிலால் நோட்டில் குறித்துக்கொள்வார். தயங்கினால் நோட்டை மூடிவிடுவார். கோபமெல்லாம் இல்லை. "சரி, டீ குடிச்சுட்டு வந்து திரும்பக் கேப்போம்" என்பார்.

ராசிபுரத்தில் பாவாயி என்ற அம்மாவின் வாசலில் நான் ஏமாந்தேன். அன்று மூன்று தடவையும் அந்த வாசலில்தான் 'ஸ்ஸ்' என்று தெளிவாக வந்தது. வட்டம் போட்டேன். புதிதாகச் சிமெண்ட் பூசி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பெண்ணுக்கு வளைகாப்பு வைத்திருந்தார்கள். உடைத்தோம். நான்கடி ஆழத்தில் குழாய் தெரிந்தது. சுற்றிலும் மண் பொரிகடலை மாதிரி உலர்ந்து கிடந்தது.

பாவாயி அம்மா குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, உள்ள எதாச்சும் பொதையல் கெடக்குதுன்னு ஆராச்சும் சொன்னாங்களா?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் தலையைத் தூக்கவில்லை. செல்வராணி மேடம் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். வளைகாப்புக்கு முந்தின நாள் வாசல் பழையபடி இருக்கும் என்று வாக்குக் கொடுத்து, கொத்தனாரோடு நின்று அதை முடித்தும் கொடுத்தார். பூச்சு காய்ந்துகொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்து நின்றார்.

"கேட்டீங்களா, நெனச்சீங்களா?"

"கேட்டேனுங்க மேடம். சத்தியமா கேட்டேன்."

"அப்பக் கேட்டது என்ன?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பாவாயி அம்மா வீட்டுக்கு அடுத்த கட்டடம் ஒரு மாவு மில். மில்லின் உறுமல் தரையில் எப்போதும் இருந்தது. ஆனால் உறுமல் வேறு, 'ஸ்ஸ்' வேறு. உறுமலைக் கேட்டு யாரும் கசிவு என்று சொல்ல மாட்டார்கள். தரையில் இல்லாத ஒரு சத்தம் என் காதுக்கு எப்படி வந்தது?

அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மைக்கை மேசைமேல் வைத்து, பக்கத்தில் ஒரு பித்தளைச் சொம்பை வைத்து விரலால் சுண்டினேன். சொம்பின் ஓசை வெறும் காதுக்கு இழை இழையாக மெலிந்து, எங்கே முடிந்தது என்றே தெரியாமல் கரைந்தது. ஹெட்ஃபோனில் அப்படி இல்லை. மெலிய மெலிய கரகரப்புக் கூடியது. பிறகு யாரோ கத்தரியால் வெட்டியது போலச் சட்டென்று நின்றது. வால் இல்லை. முப்பது தடவையாவது சுண்டியிருப்பேன். என் மனைவி அடுப்படியிலிருந்து, "சொம்பு என்னங்க பாவம் பண்ணுச்சு?" என்றாள்.

மறுநாள் டி.வி. பழுது பார்க்கும் நண்பர் ஒருவரின் கடையில், ஆஸிலாஸ்கோப்பில் மாட்டிப் பார்த்தேன். பெட்டிக்குள் ஒரு சுத்தமான அலையை அனுப்பினால் வெளியே வரும் அலை, மேலிருந்து கீழே இறங்கும் இடத்தில், நட்ட நடுவில், ஒரு சின்னப் படிக்கட்டு ஏறியிறங்கி வந்தது.

படித்தவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் எளிமையாகச் சொல்கிறேன். ஹெட்ஃபோனை இயக்குவது இரண்டு டிரான்சிஸ்டர்கள். அலையின் மேல் பாதியை ஒன்று தூக்கும், கீழ்ப் பாதியை இன்னொன்று இழுக்கும். கிணற்றடியில் இரண்டு பேர் குடம் கைமாற்றுவதுபோல. முதல் ஆள் கையை விட்டுவிட்டான், இரண்டாவது ஆள் இன்னும் பிடிக்கவில்லை. அந்தக் கண நேரத்தில் குடம் யார் கையிலும் இல்லை. அங்கேதான் படி விழுகிறது. பெட்டியைச் செய்தவர்கள் பேட்டரி நீடித்து வர வேண்டும் என்று, சத்தம் இல்லாத நேரத்தில் இரண்டு பேரையும் முழுதாகத் தூங்கவிட்டிருந்தார்கள். கசிவின் சத்தம் மிகச் சின்னது. அது அந்தப் படியிலேயே தடுக்கி விழுந்து செத்துப்போகும். மில்லின் உறுமல் பெரியது. அது படியில் இடறும்போது, தரையில் இல்லவே இல்லாத ஒரு பிசிறைப் பெற்றுப்போடும். பாவாயி அம்மா வாசலில் நான் கேட்டது தண்ணீரை அல்ல. பெட்டியைத்தான்.

செல்வராணி மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மாற்ற அனுமதி கேட்டேன். அவர் நோட்டில் பென்சிலை இரண்டு தடவை தட்டினார்.

"நம்மகிட்ட ஒரே மாதிரி ரெண்டு பெட்டி இருக்கு. ஒண்ணை மாத்துங்க. இன்னொண்ணைத் தொடாதீங்க. ஒவ்வொரு எடத்துலயும் ரெண்டையும் கேக்கணும். அப்பத்தான் நீங்க மாத்துனது நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்."

மாற்றம் சின்னதுதான். தூங்கும் அந்த இரண்டு டிரான்சிஸ்டர்களையும் அரைத்தூக்கத்தில் வைக்க வேண்டும். அதாவது சத்தமே இல்லாதபோதும் ஒரு துளி மின்சாரம் அவற்றில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குத்தான் அந்த இரண்டு டயோடுகளும், அளவைத் திருகி வைக்க ஒரு சின்னப் பிரிசெட்டும். சூடு ஏறினால் மின்சாரம் தானாகக் கூடிக் கருகிவிடும் என்பதால், அதே சூடு டயோடுக்கும் தெரியட்டும் என்று முதுகோடு முதுகாக ஒட்டினேன். ஸ்குரூ டிரைவரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பத் திருப்ப, திரையில் அந்தப் படிக்கட்டு கரைந்தது. கடைசியில் அலை ஏரிக்கரை மாதிரி வளைந்து இறங்கியது. பேட்டரி முன்பைப்போலப் பாதி நாள்தான் வந்தது. பையில் கூடுதலாக நான்கு போட்டுக்கொண்டேன்.

அன்று சொம்பைச் சுண்டிவிட்டுக் கண்ணை மூடினேன். ஓசை போய்க்கொண்டே இருந்தது. மலை வளைவில் போகும் பஸ் மறைந்து மறைந்து தெரிவதுபோல, முடிந்துவிட்டது என்று நினைத்த பிறகும் இருந்தது. அது தீர்ந்த இடத்தில் வந்த அமைதி கன்னங்கரேலென்று, ஆழமாக இருந்தது. அதற்கு முன் அந்தப் பெட்டியில் அமைதி என்று நான் நினைத்ததெல்லாம் வெறும் புழுதி.

இனி அந்தத் தறிக்கார ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராசிபுரத்துக்கும் புதுச்சத்திரத்துக்கும் நடுவில் இருக்கிறது. பெயர் வேண்டாம். விசைத்தறி ஓடாத வீடே இல்லாத தெரு. அந்தத் தெருவுக்குப் போகும் தண்ணீரில் பெரும்பகுதி வழியிலேயே காணாமல் போய்க்கொண்டிருந்தது. ரோட்டில் ஒரு சொட்டு ஈரமில்லை. தறிகள் ஓடும்போது மைக்கை வைத்தால் காதில் ரயில்தான் ஓடியது. ராத்திரியிலும் தறி நிற்காது. ரோட்டை முழுக்கத் தோண்டிவிடலாம் என்று ஊரில் பேச்சு வந்தபோது செல்வராணி மேடம் காலண்டரைப் பார்த்தார்.

"மாசாந்தர கரண்ட் நிறுத்தம் என்னைக்கு?"

பராமரிப்புக்காக மாதம் ஒருநாள் காலையிலிருந்து மாலை ஐந்து மணி வரை மின்சாரம் இருக்காது. அந்த நாளுக்குக் காத்திருந்தோம். மோட்டாரும் ஓடாது என்பதால், குழாயில் அழுத்தம் குறையாமல் இருக்க, முந்தின நாளே மேல்நிலைத் தொட்டியை நிரப்பி வைக்கச் சொன்னார்.

அன்று காலை தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அந்த அமைதியை எப்படிச் சொல்வேன். வெயில் மட்டும் தெருவில் நின்றுகொண்டிருந்தது. வேப்பம்பூ உதிர்ந்தது கேட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஹெட்ஃபோனில் எனக்குக் கேட்டது. ஊரார் வெளியே வந்து உட்கார்ந்தார்கள். தறிச் சத்தத்தில் வாழ்ந்து பழகியவர்கள், அடுத்து இருப்பவரிடமும் கூவித்தான் பேசினார்கள். செல்வராணி மேடம் கைகூப்பி, ஒரு மணி நேரம் அசையாமல், பேசாமல் இருக்கும்படி கேட்டுக்கொண்டார். இருந்தார்கள். ஒரு தெருவே தூங்காமல் கனவு காண்பதுபோல இருந்தது.

பழைய பெட்டியோடு தெருமுனையிலிருந்து கடைசிவரை வெறுங்காலில் நடந்தேன். ஒன்றுமில்லை. மாற்றிய பெட்டியை மாட்டிக்கொண்டு திரும்ப நடந்தேன். சின்னசாமி என்பவர் வீட்டெதிரே வந்தபோது, வெகு தொலைவில் யாரோ அரிசி களைவதுபோல ஒன்று கேட்டது. ரோட்டின் நடுவில் மெலிதாக, ஓரத்தில் கொஞ்சம் கூடுதலாக, அவருடைய தறிக்கூடத்துச் சுவரோரம் இன்னும் கூடுதலாக. அனுமதி கேட்டு உள்ளே போனேன். நான்கு தறிகள், நெடுக இழுத்துக் கட்டிய பாவு நூலோடு நின்றன. மூன்றாவது தறிக்கும் நான்காவது தறிக்கும் நடுவில் மைக்கை வைத்தேன்.

அது பீய்ச்சும் தண்ணீரின் 'ஸ்ஸ்' இல்லை. விழும் தண்ணீர். 'டொளக்' என்று விழுந்து, சுவரில் பட்டு எதிரொலித்தது. மண்ணுக்குள் விழுந்தால் எதிரொலி வராது. கீழே வெற்றிடம் இருந்தது. ரோட்டோரக் குழாயிலிருந்து கசிந்த தண்ணீர் எத்தனையோ மாதமாக மண்ணைக் கரைத்து எங்கேயோ கொண்டுபோயிருந்தது. நான்கு இரும்புத் தறிகளும், அந்தக் குடும்பமும், மேலே ஒரு பிடி சிமெண்டின் மீது வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

நடந்தேன், திரும்பினேன், கேட்டேன். மூன்று தடவை. பழைய பெட்டியில் அதே இடத்தில் ஒரு சின்னக் கரகரப்பு மட்டும்.

"மேடம், ஐஞ்சு மணிக்குக் கரண்டு வந்து தறி ஓட்டுனா இந்தத் தரை தாங்காதுங்க."

சின்னசாமிக்கு அறுபது வயதிருக்கும். நான் சொன்னதை அவர் காதோரம் ஒருவர் கூவிச் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டதும் சிரித்தார்.

"ஏனுங்க, பதினெட்டு வருசமா ஓடற தறிங்க இது. பொன்னாட்டம் தரை. நாளைக்குப் பாவு முடிச்சுக் குடுக்கோணும். ராசிபுரத்துல நீங்க வெறும் மண்ணத் தோண்டுன கதையெல்லாம் இங்கயும் வந்துதுங்க."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். செல்வராணி மேடம் என் பக்கம் திரும்பினார். எல்லார் முன்னாலும் அதே கேள்வி.

"கேட்டீங்களா, நெனச்சீங்களாண்ணா?"

"கேட்டேனுங்க."

அவர் ஹெட்ஃபோனை வாங்கித் தானே கேட்டார். முகம் மாறியது. பிறகு அதைச் சின்னசாமியின் தலையில் மாட்டினார். அவர் உதட்டைப் பிதுக்கினார். மேடம் அதை அவர் மனைவியிடம் கொடுத்தார். அந்த அம்மாவும் கையை விரித்தார். மகன் கேட்டான், "ஒண்ணுங் காணமுங்க" என்றான். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவ்வளவு சன்னமான சத்தங்களைத் தறி அவர்கள் காதிலிருந்து எப்போதோ எடுத்துக்கொண்டு போயிருந்தது.

"நான் கேக்கட்டுங்களா?" என்று கதவோரம் நின்ற பெண் கேட்டாள். அந்த வீட்டு மருமகள் தேன்மொழி. புதுச்சத்திரத்துப் பக்கம் விவசாயக் குடும்பத்திலிருந்து மணமாகி வந்து இரண்டு மாதம்தான். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். கண்கள் மெல்ல விரிந்தன. மாமனார் பக்கத்தில் போய் அவர் காதருகே கூவினாள்.

"மாமா! நம்மூட்டுக்கடியில கெணறு இருக்குதுங்க மாமா! கெணத்துக்குள்ள தண்ணி உழுகுதுங்க!"

"நீ கேட்டயா சாமி?"

"எங்க தோட்டத்துக் கெணத்துச் சத்தம் எனக்குத் தெரியாதுங்களா? கேட்டேனுங்க மாமா."

சின்னசாமி அவளையே பார்த்தார். பிறகு போய் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளி, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அக்கம்பக்கத்துத் தறி அதிர்வும் ஆகாது என்று மேடம் சொன்னபோது, அவரே தெருவில் இறங்கி வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தார்.

வால்வை அடைத்தோம். மூன்றாவது தறியோரம் ஒரு சின்னத் துளை போட்டு எங்கள் ஆள் கடப்பாரையை இறக்கினார். இரண்டடி வரை இறங்கியது. அடுத்த குத்தில் கடப்பாரை அவர் கையிலிருந்து நழுவிப் போயே போய்விட்டது. ஒரு கணம் கழித்துக் கீழே 'சளக்' என்றது. பிறகு ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, பின்னால் நடந்தே வெளியே வந்தோம்.

ஐந்து மணிக்கு மின்சாரம் வந்தது. தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. பொழுது சாயும் நேரம், நாங்கள் எதிர்வீட்டு வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அந்தக் கூடத்துக்குள் யாரோ நீளமாகப் பெருமூச்சு விட்டது போல ஒரு சத்தம். மூன்றாவது தறியும் நான்காவது தறியும், பாவு நூல் ஒவ்வொன்றாக அறுபட, மெதுவாக உள்ளே போயின. புழுதி வெளியே வந்தது. சின்னசாமியின் மனைவி மருமகளைக் கட்டிக்கொண்டு அழுதார். செல்வராணி மேடம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வெளியே நின்றவர்களை மூன்று தடவை எண்ணினார்.

குழாயின் இணைப்பை மாற்றி, குழியை நிரப்பி, தரை போட்டுத் தறிகளைத் தூக்கி நிறுத்த இரண்டு மாதம் ஆனது. எல்லாம் முடிந்த பிறகு அந்த இணைப்பை ஒருமுறை கேட்டுப் பார்க்க என்னை அனுப்பினார்கள். ஒரு சத்தமும் இல்லை. பெட்டியைக் கட்டும்போது சின்னசாமி வந்தார்.

"அன்னிக்கு எனக்கு மட்டும் கேக்கலீங்களே," என்று கூவினார். "சத்தத்தக் கூட்டி வெச்சாக் கேக்குமுங்களா? எங்க டி.வி.யில கூட்டுனா ஒடஞ்சு ஒடஞ்சு கேக்குது, வார்த்த நிக்க மாட்டீங்குது."

உடையாத சத்தம் என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. பையில் பழைய டேப் ரெக்கார்டர் மைக் ஒன்று இருந்தது. அதைப் பெட்டியில் செருகி, ஹெட்ஃபோனை அவர் தலையில் மாட்டி, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். தேன்மொழியைக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தேன்.

"கூவாதீங்க. உங்கூட்டுல அம்மாகிட்டப் பேசுவீங்கல்ல, அப்படிப் பேசுங்க."

அவளுக்கு வெட்கம். என்ன பேசுவதென்று தெரியாமல் மைக்கையே பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"மாமா, காப்பி வெக்கட்டுங்களா?"

சின்னசாமி நிமிர்ந்தார். மருமகள் வந்த நாளிலிருந்து அவர் கேட்டதெல்லாம் அவளுடைய கூவல்தான். ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார். பேச ஆரம்பித்ததும் தன் குரலும் அந்த மைக் வழியே அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். அதனாலோ என்னவோ அவர் கூவவில்லை.

"வை சாமி," என்றார், ஒரு குழந்தையை எழுப்பப் பயந்தவர்போல. "சக்கரை கொஞ்சமாப் போடு."

தேன்மொழி அடுப்படிக்குப் போகவில்லை. மைக்கைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். தன் மாமனாருக்கு இப்படி ஒரு குரல் இருப்பது அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது.